பச்சை முடிப்பாசி போகவே மாட்டேங்குது, ஆனா நைட்ரேட் பாஸ்பேட் ரெண்டும் 0 காட்டுது

தொட்டிக்காரி_வேளச்சேரி:
எல்லாருக்கும் வணக்கம். 3 அடி உப்புத்தண்ணி டேங்க், 180 லிட்டர் இருக்கும், ஓட ஆரம்பிச்சு 8 மாசம் ஆச்சு. ரெண்டு க்ளவுன் மீன், ஒரு ஃபயர்ஃபிஷ், கொஞ்சம் ஜோவாந்தஸ் பவளம் (பூ மாதிரி சின்ன சின்ன பாலிப்பா விரியுமே, அது). ரெண்டு மாசமா பாறை பூரா பச்சை முடி மாதிரி பாசி, வாராவாரம் கையால பிடுங்குறேன் அடுத்த வாரமே விரல் நீளத்துக்கு வந்து நிக்குது, ஜோவாந்தஸ் மேலயே படர்ந்து நாலஞ்சு பாலிப் திறக்கறதே இல்ல. டெஸ்ட் கிட்ல நைட்ரேட் 0 பாஸ்பேட் 0. லைட் 10 மணி நேரம். தண்ணி வீட்ல குடிக்கற ஆர்ஓ தண்ணி தான். கடைல பாசி மருந்து ஊத்த சொல்றாங்க, பவளத்துக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு.

ரீஃப்_ராத்திரி:
மருந்து இப்ப வேணாம்க்கா. 0 காட்டுதுன்னா தண்ணில பாசி திங்கற சத்து (நைட்ரேட், பாஸ்பேட்) இல்லன்னு அர்த்தம் இல்ல, வர்றத எல்லாம் பாசி உடனே தின்னுடுது, மிச்சம் தான் கிட்ல தெரியும். அப்ப எங்கருந்து வருதுன்னு பாக்கணும். முதல்ல உங்க ஆர்ஓ தண்ணிய டிடிஎஸ் மீட்டர் (தண்ணில கரைஞ்சிருக்கற உப்பு எல்லாம் எவ்வளவுன்னு காட்டறது) வச்சு பாருங்க. குடிக்கற மெஷின்ல டிடிஎஸ் கன்ட்ரோலர்னு ஒரு குட்டி வால்வு இருக்கும், ருசிக்காக ஆர்ஓ ஆகாத தண்ணிய கொஞ்சம் திரும்ப கலக்கும், நமக்கு அது ஆகாது. இந்த வெயில்ல தினமும் ஒரு லிட்டருக்கு மேல ஆவியாகும், ஆவியாகறது வெறும் தண்ணி மட்டும் தான், நீங்க ஊத்தறதுல இருக்கறது எல்லாம் உள்ளயே தங்கி சேந்துக்கிட்டே போகும்.

தொட்டிக்காரி_வேளச்சேரி:
இப்ப தான் பாத்தேன் தம்பி, 74 காட்டுது!! போர் தண்ணி 1100. இன்னொன்னு சொல்ல மறந்துட்டேன், பாறை எல்லாம் டேங்க் மூடின ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, காயவச்சு தான் போட்டேன்.

பாறைமீன்:
பாதி வினை அந்த பாறைலயும் இருக்கலாம். பவளப்பாறை சுண்ணாம்பு தானே, பழைய டேங்க்ல இருந்த பாஸ்பேட்ட பிடிச்சு வச்சிருக்கும், புது தண்ணில மாசக்கணக்கா கசிய விடும். காயவச்சா அது போகாது, செத்த உயிர் எல்லாம் உள்ளயே காஞ்சு இன்னும் கூட தான் ஆகும். அதனால தண்ணிய மட்டும் சரி பண்ணிட்டு பத்து நாள்ல போகலயேன்னு மனசு விடாதீங்க, நான் அப்படி தான் விட்டுட்டு டேங்கையே கலைச்சேன், இன்னைக்கும் வருத்தம்.

பிடுங்கறத டேங்க்குள்ள பண்ணாதீங்க, துண்டு எங்க போய் ஒட்டுதோ அங்க முளைக்கும். வாட்டர் சேஞ்ச் பண்ற அன்னைக்கு எடுத்த உப்புத்தண்ணிய பக்கெட்ல வச்சு, பவளம் இல்லாத பாறைய ஒவ்வொண்ணா எடுத்து பழைய டூத்பிரஷ்ல தேய்ங்க. எடுக்க முடியாத எடத்துல ட்யூப் வச்சு உறிஞ்சிக்கிட்டே பிடுங்குங்க. லைட்ட 7 மணி நேரமா குறைங்க. ஃப்ரோசன் உணவ வடிகட்டில கழுவிட்டு போடுங்க, அந்த சாறுலயும் பாஸ்பேட் இருக்கு.

பாஸ்பேட் ரிமூவர் போட்டா சொன்ன அளவுல பாதி போதும். ஒரேயடியா இறக்கினா பவளம் வெளுத்துடும். பாசி போன பிறகும் நிஜ 0க்கு கொண்டு போகாதீங்க, டைனோ (டைனோஃப்ளாஜெல்லேட், வழவழன்னு படர்ற நுண்ணுயிர்) வந்துடும், அது இத விட பெரிய தலைவலி. நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05 பக்கத்துல நின்னா எனக்கு திருப்தி.

ரீஃப்_ராத்திரி:
அண்ணன் சொன்னது சரி. நத்தை ஒரு ஏழெட்டு விடுங்க, ஆனா பாசிய குட்டையா வெட்டின பிறகு விடுங்க, நீளமா வளந்தத அது தொடாது. சொட்டு சொட்டா தண்ணி கலந்து ஒரு மணி நேரம் பழக்கிட்டு விடணும், உப்பு அளவு திடீர்னு மாறினா செத்துடும். தண்ணிக்கு கன்ட்ரோலர் மூடுங்க, மினரல் கார்ட்ரிட்ஜுக்கு முன்னாடியே லைன் பிரிச்சு அதுல டிஐ ரெசின் (ஆர்ஓ விட்ட மிச்ச உப்பையும் பிடிச்சுக்கற ஃபில்டர்) மாட்டுங்க, மீட்டர் 0 காட்டணும். பாசி ஃபெர்ன் இலை மாதிரி, இறகு மாதிரி பிரிஞ்சிருந்தா மட்டும் சொல்லுங்க, அது ப்ரயோப்சிஸ்னு வேற பாசி, அதுக்கு வைத்தியம் வேற.

தொட்டிக்காரி_வேளச்சேரி:
7 வாரம் கழிச்சு எழுதறேன். இறகு மாதிரி இல்ல, சாதா முடிப்பாசி தான். டிஐ மாட்டினேன், 0 வருது. முதல் மூணு வாரம் ஒரு மாற்றமும் இல்ல, அழுகையே வந்துச்சு, பாறைமீன் அண்ணா எழுதினத திரும்ப படிச்சுட்டு தேய்ச்சுக்கிட்டே இருந்தேன். இப்ப பின்பக்க பாறைல மட்டும் கொஞ்சம் இருக்கு, நைட்ரேட் 2 காட்ட ஆரம்பிச்சிருக்கு. மூடியே கிடந்த ஜோவாந்தஸ்ல மூணு நேத்து திறந்துச்சு.

பாறைமீன்:
ரொம்ப சந்தோஷம்மா. நைட்ரேட் தெரிய ஆரம்பிச்சா பாசி தோக்குதுன்னு தான் அர்த்தம். பின்பக்கத்தையும் இந்த வாரமே தேய்ச்சுடுங்க.