ஹேண்ட் பிரேக்கை விட்டும் பின்சக்கரம் பிடித்து நிற்பது ஏன்?

கேள்வி:
வணக்கம். எங்கள் பத்துச் சக்கர லாரியைக் காலையில் கிளப்பி ஹேண்ட் பிரேக்கை விட்டாலும், காற்றழுத்த முள் ஏறும் வரை பின்சக்கரங்கள் பிடித்தபடியே நிற்கின்றன. காற்றுதான் பிரேக்கைப் பிடிக்கிறதென்றால், டேங்கில் காற்றில்லாதபோது பிடிப்பது எது? அது விடுபட்டபின் பெடலுக்கு வருவதும் அதே காற்றுதானா?

பதில்:
அங்கே பிடித்திருப்பது பிரேக் சேம்பருக்குள் (சக்கரத்தருகே பிரேக்கை இயக்கும் கூடு) இருக்கும் வலுவான ஸ்பிரிங். பின் அச்சின் சேம்பரில் இரண்டு பகுதிகள் உண்டு. ஸ்பிரிங் உள்ள பகுதிக்கு ஹேண்ட் பிரேக் வால்வு வழியாகக் காற்று சென்று, அழுத்தம் ஏறத்தாழ 5 பாரை (பார் என்பது அழுத்த அலகு) எட்டும்போதுதான் ஸ்பிரிங் முழுவதும் அமுங்கி, பிரேக்கைத் தள்ளும் தண்டான புஷ் ராடு பின்வாங்கி, உராய்ந்து பிடிக்கும் லைனிங், சக்கரத்தோடு சுழலும் டிரம்மை விட்டு விலகுகிறது. வண்டி ஓடும் நேரமெல்லாம் அந்தக் காற்று அங்கேயே அடைபட்டிருக்க வேண்டும். அதற்குச் செல்லும் குழாய் உடைந்தால் ஸ்பிரிங் விரிந்து சக்கரத்தைப் பிடித்துவிடும்.

பெடலை மிதிக்கும்போது வருவது வேறு காற்று. அது மற்றப் பகுதியில் புகுந்து டயாபிரத்தை (ரப்பர் சவ்வை) தள்ளி, அதே புஷ் ராடு வழியாக ஸ்லாக் அட்ஜஸ்டரை (லைனிங்கை டிரம்மில் அழுத்தவைக்கும் நெம்புகோலை) திருப்புகிறது. காலை எடுத்ததும் 'புஸ்' என்று வெளியேறுவது இந்தக் காற்றுதான். ஸ்பிரிங்கை அமுக்கியிருக்கும் காற்று அசைவதில்லை. ஹேண்ட் பிரேக் போட்டிருக்கும்போது பெடலையும் ஓங்கி மிதித்தால், சில வண்டிகளில் இரு விசைகளும் ஒரே ராடில் சேர்ந்து ஸ்லாக் அட்ஜஸ்டரைப் பழுதாக்கிவிடும்.

இன்னொரு பதில்:
இதனால்தான் தொப்பூர் கணவாய் போன்ற இறக்கங்களில் இன்ஜினை அணைத்து நியூட்ரலில் உருட்டுவது கொடிய ஆபத்து. டேங்கில் காற்றை நிரப்பும் கம்ப்ரெசர் நின்றுவிட, ஒவ்வொரு மிதிக்கும் டேங்கின் காற்று குறைகிறது, டிரம்மும் சூடேறிப் பிடிமானத்தை இழக்கிறது. கடைசியில் ஸ்பிரிங்கே பிடித்தாலும், அது பிடிப்பதும் அதே சூடேறிய டிரம்மைத்தானே? தயவுசெய்து கியரிலேயே இறங்குங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. காற்றே ஏறாமல் வழியில் நின்றுவிட்டால், சேம்பரின் பின்புற போல்ட்டைத் திருகி விடுவிக்கலாமா?

பதில்:
விடுவிக்கலாம். ஆனால் முதலில் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். போல்ட் ஸ்பிரிங்கை இழுத்துப் பிடித்தபின் அந்தச் சக்கரத்துக்கு ஹேண்ட் பிரேக்கே கிடையாது. பழுது பார்த்ததும் போல்ட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மறக்காதீர்கள். ஸ்பிரிங் பகுதியின் கிளாம்பை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். பல நூறு கிலோ விசையோடு அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் வெளியே பாய்ந்தால் எதிரில் நிற்பவர் உயிர் பிழைப்பது அரிது. பழுதான சேம்பரை முழுதாக மாற்றிவிடுவதே நல்லது.