ஆறாம் வகுப்பு வீட்டுப்பாடமும் ஒரு மாகாணியும்

கோட்டையூர்க்காரி:
முந்தாநாள் தேவகோட்டையார் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. “ஆறு, ஏழு, எட்டாவது படிக்கிற பிள்ளைகளுக்கு இப்போது ஒன்றும் சொல்லித் தருவதில்லை, வாரம் பூராவும் அட்டையை வெட்டி ஒட்டுகிறார்கள்” என்று எழுதியிருந்தார். அண்ணே, என் வீட்டில் ஆறாவது ஒன்று, எட்டாவது ஒன்று இருக்கிறது. இந்த ஒரு வாரக் கதையை மட்டும் சொல்கிறேன், கேளுங்கள்.

பெரியவளுக்கு அறிவியலில் அமிலமும் காரமும். மஞ்சளைக் கரைத்துக் காகிதத்தில் தடவிக் காயவைத்து, அதை வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சோதனை. சோப்புத் தண்ணீரில் சிவந்தது, வெற்றிலைச் சுண்ணாம்பில் ஆரத்தி மாதிரி ரத்தச் சிவப்பு, புளித் தண்ணீரில் அசையாமல் மஞ்சளாகவே நின்றது. அப்புறம் வளவில் தூணை ஒட்டியிருக்கும் சுவரில் ஈரத்தோடு வைத்து அழுத்தினாள். சிவக்கவே இல்லை. சுண்ணாம்புச் சுவர்தானே, ஏன் என்று அவளே முழித்து, மறுநாள் டீச்சரிடம் கேட்டு வந்தாள். நூறு வருஷமாகக் காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கி வாங்கிச் சுண்ணாம்பு திரும்பக் கல்லாகவே ஆகிவிட்டதாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு காபி குடிக்கிறேன், எனக்கு இது தெரியாது.

பக்கத்து வீட்டு ஏழாவதுக்கு உத்திரமேரூர்க் குடவோலை. சின்னவனுக்கு ஓவிய வகுப்பில் கட்டம் போட்ட தாளில், தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் டிசைன், கணக்கில் பின்னம். வாத்தியார் பழைய தமிழ்ப் பின்னங்களையும் வீட்டில் கேட்டு எழுதிவரச் சொல்லியிருக்கிறார். அரை, கால், அரைக்கால், மாகாணி என்று எழுதி, மாகாணிக்கு நேரே பதினாறில் ஒன்று என்று போட்டிருக்கிறான். இது அட்டை ஒட்டுகிற படிப்பா?

தேவகோட்டையார்:
முழுக்கப் படித்தேன் ஆச்சி. மாகாணி பதினாறில் ஒன்று இல்லை. பதினாறில் ஒன்றுக்கு வீசம் என்று பெயர். தப்பாக எழுதிப் போகிறான், வாத்தியாரும் டிக் போடுவார். நான் சொன்னதற்கு நீங்களே சாட்சி கொண்டுவந்துவிட்டீர்கள், நன்றி.

கோட்டையூர்க்காரி:
இவ்வளவு எழுதியதில் உங்கள் கண்ணில் பட்டது அந்த மாகாணி மட்டும்தானா?

தேவகோட்டையார்:
தப்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் கண் போகும்.

சாக்பீஸ் (ஓய்வு):
முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. மா என்றால் இருபதில் ஒன்று. காணி என்றால் எண்பதில் ஒன்று. மாவும் காணியும் சேர்ந்ததுதான் மாகாணி. இருபதில் ஒன்று என்பது எண்பதில் நாலு, அதோடு ஒன்றைக் கூட்டினால் எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. பையன் எழுதியது சரி. வீசமும் அதேதான், ஒரே அளவுக்கு இரண்டு பெயர்.

தேவகோட்டையார்:
வாத்தியார் ஐயா, பெயரைப் பிளந்து கூட்டினால் கணக்கு வந்துவிடுமா? காணி என்றால் 1.32 ஏக்கர். மா என்றால் வேலி என்கிற நில அளவில் இருபதில் ஒரு பங்கு, ஏறக்குறைய ஏக்கரில் மூன்றில் ஒன்று. இரண்டையும் கூட்டினால் ஒன்றரை ஏக்கருக்கு மேலே வருகிறது. இது எப்படிப் பதினாறில் ஒன்றாகும்? எங்களுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் நிலம் இருந்தது, எனக்கே மா காணி சொல்லித் தருகிறீர்கள்.

சாக்பீஸ் (ஓய்வு):
நிலத்துக் காணி வேறு, கீழ்வாய் இலக்கத்துக் காணி, அதாவது பின்னத்துக் காணி வேறு. நிலத்தில் காணி மாவைவிடப் பெரிது. பின்னத்தில் காணி மாவில் கால் பங்கு. முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று, அரைக்காணி நூற்றறுபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று. எண்சுவடியில், அந்தக் காலத்து வாய்பாட்டுப் புத்தகத்தில், இப்படித்தான் ஏறிக்கொண்டே போகும்.

தேவகோட்டையார்:
அப்படியா. ஒரே அளவுக்கு எதற்கு இரண்டு பெயர்? நம் ஆட்கள் என்ன வேலையற்றவர்களா? வீசம் வேறு, மாகாணி வேறு.

பள்ளத்தூர் பாண்டி:
ஒரே ஆளுக்கு இந்தக் குழுவில் இரண்டு ஐடி இருக்கும்போது ஒரே அளவுக்கு இரண்டு பெயர் இருக்கக் கூடாதா அண்ணே? 😀

தேவகோட்டையார்:
பழைய ஐடிக்குப் பாஸ்வேர்டு மறந்துபோனது. அதை நூறு தடவை சொல்லியாயிற்று. தலைப்புக்கு வாருங்கள்.

மானகிரி மருமகள்:
எங்கள் அப்பத்தா வீசை என்று சொல்லும். வெல்லம் ஒரு வீசை, புளி ஒரு வீசை என்று. அதுதானே இந்த வீசம்?

சாக்பீஸ் (ஓய்வு):
இல்லையம்மா, அது எடை. நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு. வீசம் பின்னம்.

தேவகோட்டையார்:
வீசை என்றால் எந்த வீசை? ஊர் வீசையா, பர்மா வீசையா? பர்மா வீசை கனம் கூட. எங்கள் ஐயா மோல்மேனில் கடையில் இருந்தவர். பெட்டியடிப் பையனாகப் போய் அடுத்தாளாக உயர்ந்தவர், பேரேடு அவர் கையில்தான். பன்னிரண்டு வயதில் மனக்கணக்கு. உங்கள் எட்டாவதுப் பிள்ளையிடம் நூற்றுக்கு மாதம் முக்கால் வட்டி, மூவாயிரத்து இருநூறுக்கு ஏழு மாதத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள், போனைத் தேடும். அவர் சொல்லி நான் கேட்டது வீசம். மாகாணி என்று அவர் வாயில் வந்ததே இல்லை.

கோட்டையூர்க்காரி:
கேட்டுவிட்டேன் அண்ணே. மாதம் இருபத்துநாலு, ஏழு மாதத்துக்கு நூற்றறுபத்தெட்டு. போனைத் தொடவில்லை. சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

தேவகோட்டையார்:
நீங்கள் பக்கத்தில் இருந்திருப்பீர்கள்.

ஆத்தங்குடிப் பட்டறை:
அண்ணன் போன வருஷம் இதே குழுவில் ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுகிறார்கள் என்று சாதித்தவர். அன்றைக்கும் கடைசி வரை இறங்கி வரவில்லை. அதனால் வாத்தியார் ஐயா வீணாக மூச்சைச் செலவழிக்க வேண்டாம்.

தேவகோட்டையார்:
சுடாமல் எப்படி அவ்வளவு பளபளப்பு வரும் என்று கேட்டேன். கேள்வி கேட்பது தப்பா?

ஆத்தங்குடிப் பட்டறை:
அன்றைக்கே சொன்னேன், இன்னொரு தடவையும் சொல்கிறேன். கண்ணாடியைத் துடைத்துக் கீழே வைப்போம், மேலே இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ அச்சு. ஒவ்வோர் அறையிலும் அதற்குரிய வண்ணக் கலவையைச் சின்னக் கரண்டியால் ஊற்றி, அச்சை அலுங்காமல் மேலே தூக்க வேண்டும். கை ஒரு நூல் நடுங்கினால் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும், அந்தக் கல் போச்சு. அதற்கு மேலே உலர்ந்த சிமெண்ட்டும் மணலும் தூவி, ஈரக் கலவை போட்டுக் கரணையால் மட்டம் தட்டுவோம். இறுகினதும் தண்ணீர்த் தொட்டியில் ஊறும். கண்ணாடி தானாக விட்டுவிடும், கண்ணாடியின் வழவழப்பு கல்லில் ஏறியிருக்கும். நெருப்பே கிடையாது. போன மாதம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முப்பது பேர் பட்டறைக்கு வந்து பார்த்தார்கள். அதில் ஒரு பொடியன், அச்சைத் தூக்கும்போது நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன் என்றான். அவனுக்குப் புரிந்தது.

தேவகோட்டையார்:
ஆக, பிள்ளைகளைப் பட்டறைக்கு ஊர்வலம் கூட்டிப்போவதுதான் பாடம். சரி. மாகாணி என்ன ஆயிற்று?

பள்ளத்தூர் பாண்டி:
மாகாணி ஊறுகாய்ப் பானையில் இருக்கிறது அண்ணே. எங்கள் வீட்டில் மாகாளிக் கிழங்கை அப்படித்தான் சொல்வோம்.

காரைக்குடி கல்லுக்கட்டி:
காரைக்குடிப் பிள்ளைகள் மின்வேதியியல் ஆய்வகத்துக்குப் பக்கத்தில் வளர்கிறவர்கள். 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டிய இடம், அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்தது. அந்த வாசலைப் பார்த்துப் படிக்கிற பிள்ளைக்கு அமிலம் காரம் தானாக வரும். தேவகோட்டையில் என்ன இருக்கிறது?

தேவகோட்டையார்:
ஊரை இழுக்காதீர்கள். அழகப்பரை நான் குறைத்துச் சொல்லவில்லை, அவர் எல்லா ஊருக்கும் பொது. ஆனால் வாசலைப் பார்த்தால் படிப்பு வரும் என்றால் நம் ஊர் ஆட்டோக்காரர்கள் எல்லாம் விஞ்ஞானி ஆகியிருக்க வேண்டும். இன்னொன்று, ஆச்சி வீட்டுச் சுவர் சிவக்காததற்கு அந்த டீச்சர் சொன்ன காரணமே தப்பு. நம் வீட்டுப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு இருக்கிறது, அதனால்தான் சிவக்கவில்லை.

கோட்டையூர்க்காரி:
வெள்ளைக்கருவையும் சோதித்துவிட்டாள். அதுவும் காரம், மஞ்சள் காகிதம் லேசாகச் சிவந்தது. வெள்ளைக்கருவால் என்றால் சுவர் இன்னும் சிவந்திருக்க வேண்டும் இல்லையா? ஒரு முட்டை வீணானதுதான் மிச்சம்.

தேவகோட்டையார்:
அது பிராய்லர் முட்டை.

மானகிரி மருமகள்:
😂😂

சாக்பீஸ் (ஓய்வு):
அண்ணாச்சி, ஒன்று கேட்கிறேன். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. 1957 ஏப்ரலில் நயா பைசா வரும் வரைக்கும் நீங்களும் நானும் அணாவில் மிட்டாய் வாங்கியவர்கள்தான். ரூபாயில் மாகாணி ஓர் அணா. ரூபாயில் வீசமும் ஓர் அணா. இதில் எது வேறு?

தேவகோட்டையார்:
நான் அணா என்று மட்டும்தான் கேட்டு வாங்கினேன். மாகாணி ரூபாய்க்கு மிட்டாய் கொடு என்று எந்தக் கடையிலும் யாரும் கேட்டதில்லை. அதுதான் நான் சொல்வது. புழக்கத்தில் இல்லாததைப் பிள்ளை தலையில் ஏற்றுவது, அதையும் தப்பாக ஏற்றுவது.

கோட்டையூர்க்காரி:
முந்தாநாள் ஒன்றும் சொல்லித் தருவதில்லை என்றீர்கள். இன்றைக்குத் தலையில் ஏற்றுகிறார்கள் என்கிறீர்கள். ஒன்றில் நில்லுங்கள் அண்ணே.

தேவகோட்டையார்:
தப்பாகச் சொல்லித் தருவது சொல்லித் தருவதில் சேராது.

பள்ளத்தூர் பாண்டி:
ஏழாவதுப் பிள்ளையின் குடவோலைப் பாடத்தை விட்டுவிட்டீர்களே. உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஒரு விதி இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாது, அவன் சொந்தக்காரன் பெயரையும் போடக் கூடாது. பராந்தக சோழன் காலத்து விதி, ஆயிரத்து நூறு வருஷம் ஆயிற்று. நம் தெருப் பொங்கல் விழாக் கணக்கு இன்னும் வரவில்லை, சும்மா ஞாபகப்படுத்தினேன்.

தேவகோட்டையார்:
பந்தல்காரன் பில் தரவில்லை என்று அன்றே சொன்னேன். பாண்டி, உன் அப்பச்சியிடம் கேள், மீதிப் பணத்துக்கு யார் கைக்காசைப் போட்டது என்று. அந்தக் கல்வெட்டிலேயே இன்னொரு விதியும் இருக்கிறது, வயது முப்பத்தைந்து ஆகாதவன் பெயரும் குடத்துக்குள் போகாது. உனக்கு எத்தனை வயது?

பள்ளத்தூர் பாண்டி:
முப்பத்துநாலு. அடுத்த தையில் வருகிறேன்.

காரைக்குடி கல்லுக்கட்டி:
அதே கல்வெட்டில் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும் என்றும் இருக்கிறது. கால் வேலி என்றால் ஐந்து மா. பாருங்கள், பின்னம் தெரியாமல் வரலாறுகூடப் படிக்க முடியாது.

தேவகோட்டையார்:
அதைத்தான் நானும் சொல்கிறேன்! மா நிலத்தின் அளவு. நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். பிறகு அதோடு காணியைக் கூட்டினால் ஒன்றரை ஏக்கருக்கு மேல் வரத்தானே செய்யும்?

சாக்பீஸ் (ஓய்வு):
நான் தூங்கப் போகிறேன்.

கோட்டையூர்க்காரி:
சின்னவன் நோட்டு திருத்தி வந்துவிட்டது. மாகாணிக்குச் சரி போட்டு, பக்கத்தில் “வீசம் என்றும் சொல்வார்கள், யாரிடம் கேட்டாய்?” என்று வாத்தியார் எழுதியிருக்கிறார். குழுவில் கேட்டேன் என்று எழுதட்டுமா என்கிறான்.

தேவகோட்டையார்:
வீசம் என்று அவரே எழுதிவிட்டாரா? அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள் ஆச்சி, எல்லோரும் பார்க்கட்டும்.

ஆத்தங்குடிப் பட்டறை:
அண்ணே, அது இருக்கட்டும், நீங்கள் முகப்புத் திண்ணைக்குச் சொன்ன கல் அறுபதும் ஊறிக் காய்ந்து தயாராக இருக்கிறது. எப்போது எடுத்துக்கொள்கிறீர்கள்?

தேவகோட்டையார்:
சூளையில் வைத்தாயா இல்லையா, அதை முதலில் சொல்.