புதுப்பிப்பு: சாலிசிலிக் அமிலத்தின் பிகேஏ கணிப்பு ஏன் தவறியது

சாலிசிலிக் அமிலத்தின் பிகேஏ மதிப்பு (pKa, அமில வலிமையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் வலிமையானது) நீரில் ஏறத்தாழ 2.97 என்று அளக்கப்பட்டிருக்க, என் மென்பொருள் 4.57 என்று கணிப்பது ஏன் என முன்பு கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது. அந்த மென்பொருள், பென்சீன் வளையத்தில் இணைந்த ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு மாறிலியைக் கொண்டு அமில வலிமையைக் கணிக்கும் ஹாமெட் சமன்பாட்டை மட்டுமே நம்புகிறது. பென்சாயிக் அமிலத்தின் 4.20-இலிருந்து ஹைட்ராக்சில் (OH) தொகுதியின் பாரா நிலைக்கான (வளையத்தில் அமிலத் தொகுதிக்கு நேரெதிர் இடம்) மாறிலியான −0.37-ஐக் கழித்துவிடுகிறது. பாரா மாற்றியத்துக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. சாலிசிலிக் அமிலத்தில் உள்ளதுபோன்ற ஆர்த்தோ நிலையிலோ (அமிலத் தொகுதிக்கு அடுத்த இடம்), புரோட்டானை இழந்த அமிலத் தொகுதியான கார்பாக்சிலேட்டை அருகிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதி ஹைட்ரஜன் பிணைப்பால் நிலைப்படுத்துவதால் அமிலத்தன்மை கூடுகிறது. மாறிலி அட்டவணையில் அதற்கு இடமில்லை.

மூலக்கூறின் ஆற்றலை நேரடியாகக் கணக்கிடும் குவாண்டம் கணக்கீடும் எளிய மாற்றன்று. 25 பாகை செல்சியஸில் ஒரு பிகேஏ அலகு என்பது ஆற்றலில் மோலுக்கு வெறும் 1.36 கிலோகலோரிதான் என்பதால், கரைப்பானின் (இங்கே நீரின்) விளைவைக் கணக்கிடும் மாதிரியின் சிறு பிழையே விடையைக் கெடுத்துவிடும். இப்போதைக்கு ஆர்த்தோ சேர்மங்களுக்கு அளந்த மதிப்புகளையே எடுத்துக்கொள்கிறேன்.