சட்டத்தையும் தீர்ப்பையும் ஏஐ தேடிப் படிக்க விடலாமா?

ராயபுரத்துக்காரன்:
மத்திய சட்டங்கள் இந்தியா கோட் தளத்துல இருக்கு. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் 2023 ஜனவரியிலிருந்து அந்தக் கோர்ட்டோட இ-எஸ்சிஆர் தளத்துல இலவசம். ஆனா தண்டையார்பேட்டையில வாடகைக்கு இருக்குறவங்க, வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னா போன்ல ஏஐ கிட்டதான் கேக்குறாங்க. அது ஞாபகத்துல இருந்து அடிச்சு விடுது. சட்டத்தையே திறந்து பாத்துச் சொல்ல வழி விடணும்.

பாரிமுனை ஜூனியர்:
அண்ணா, வாடகைக்கே வர்றேன். தமிழ்நாட்டோட 1960 வாடகைச் சட்டம் போய் 2017 சட்டம் வந்து, 2019 பிப்ரவரி 22 முதல் அமல்ல இருக்கு. ஆனா குவிஞ்சு கிடக்குற தீர்ப்பெல்லாம் பழைய சட்டத்துல வந்தது. தேடினா அதுதான் முதல்ல வரும். தீர்ப்பு நிஜம், புது வழக்குக்கு உதவாது. இல்லாத தீர்ப்பைச் சரிபார்த்தா பிடிச்சிடலாம். இதைப் பிடிக்கவே முடியாது.

ராயபுரத்துக்காரன்:
2023-ல நியூயார்க்குல சாட்ஜிபிடி சொன்ன இல்லாத தீர்ப்புகளைத் தாக்கல் பண்ண வக்கீலுங்களுக்கு 5,000 டாலர் அபராதம். மூலத்தைப் பாக்காததால வந்த வினை அது. நீங்க சொல்றதுக்கு, ஒவ்வொரு பிரிவும் எப்போலேருந்து எப்போ வரைன்னு தேதி சேத்துத் தரணும். 2024 ஜூலை 1-க்கு முன்னாடி நடந்த மோசடின்னா பழைய தண்டனைச் சட்டமான ஐபிசி 420, அப்புறம்னா அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ் 318(4).

வியாசர்பாடி மலர்:
தீர்ப்புல இருக்குற பேருங்க என்ன ஆகும்? எங்க ஏரியான்னு சொன்னாலே வேலை குடுக்க யோசிக்கிறாங்க. விடுதலையான பையன் பேரைப் போட்டா அந்தக் கேஸ் முன்னாடி வந்து நிக்கும். அப்படி ஒருத்தர் பேரைத் தீர்ப்புலேருந்து மறைக்கச் சொல்லி 2024 பிப்ரவரியில நம்ம ஹைகோர்ட்டே உத்தரவு போட்டுச்சு. ஜூலையில உச்ச நீதிமன்றம் தடை விதிச்சிடுச்சு.

ராயபுரத்துக்காரன்:
மலர் சொல்றது நியாயம். பேரை வச்சுத் தேட விடவே கூடாது. பிரிவு, விஷயம், தேதி போதும்.

பாரிமுனை ஜூனியர்:
அப்பவும் ஒண்ணு பாக்கி. அப்பீல்ல கவுந்த தீர்ப்பை யார் குறிப்பா? தீர்ப்பை எடுத்துப் போட 1957 காப்புரிமைச் சட்டமே அனுமதிக்குது. கவுந்ததைக் குறிச்சு வைக்கிறது காசு வாங்குற தனியார் தளங்கள். அதை நீதிமன்றமே செஞ்சு தரட்டும், அப்புறம் திறக்கலாம். அதுவரைக்கும் 15100-க்கு அடிங்க. இலவச சட்ட உதவி. பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி மக்களுக்கும் வருமான வரம்பே கிடையாது.

ராயபுரத்துக்காரன்:
அந்த நம்பர் எங்க தெருவுல எத்தனை பேருக்குத் தெரியும் தம்பி? வருமான வரம்பு இல்லைங்கறதும் 1987 சட்ட உதவிச் சட்டத்துல 12-ஆம் பிரிவுலதான் இருக்கு. முதல்ல சட்டங்களையாவது திறங்க, தீர்ப்பு பின்னாடி வரட்டும்.

பாரிமுனை ஜூனியர்:
சட்டம் மட்டும்னா, தேதியோடன்னா, எனக்குச் சம்மதம். தீர்ப்புக்கு இல்ல.