பொழுதுபோக்கு ராக்கெட்டின் மோட்டார் பின்பக்கமாகக் கழன்று விழாதிருக்க: சேலம் நண்பர்களின் அனுபவங்கள்

செவ்வாய்ப்பேட்டை லேத் பட்டறை உரிமையாளர்:

அமெரிக்காவில் படிக்கும் என் தங்கை மகன், உயர்திறன் பொழுதுபோக்கு ராக்கெட்டுகளைப் பறக்கவிடத் தேவையான முதல்நிலைச் சான்றிதழுக்காகப் பறக்கவிட்ட ராக்கெட், உச்சியை எட்டிய பிறகும் பாராசூட் விரியாமல் தலைகீழாக வந்து தரையில் குத்தியது. "மோட்டாரை (எரிபொருள் அடைத்த உருளையை) டேப் சுற்றிக் குழாய்க்குள் இறுக்கித்தான் வைத்திருந்தேன் மாமா, மேலே போகும்போது மோட்டார் அசையவே இல்லை" என்றான்.

மேலே போகும்போது அது அசையாததில் வியப்பில்லை. எரியும் நேரத்தில் உந்துவிசை மோட்டாரை முன்னோக்கியே தள்ளுகிறது. மோட்டாரின் பின்முனை விளிம்பு, அதைத் தாங்கும் குழாயின் வாயில் முட்டி அவ்விசையை ராக்கெட்டுக்குக் கடத்திவிடும். உண்மையான சோதனை, பாராசூட்டை வெளித்தள்ளும் கருமருந்து பற்றும் கணத்தில்தான் வருகிறது. அந்த அழுத்தம் மூக்குக் கூம்பை முன்னே தள்ளும்போதே மோட்டாரைப் பின்னே தள்ளுகிறது. 38 மி.மீ. மோட்டாரின் குறுக்குப் பரப்பில் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடினாலே ஏறத்தாழ 12 கிலோ எடைக்குச் சமமான விசை பிறக்கும். கூம்புக்கு முன்பாக டேப் இளகிவிட்டால் மோட்டார் கழன்று விழும், வாயு அவ்வழியே போய்விடும், பாராசூட் உள்ளேயே தங்கிவிடும். ஆகவே மொத்த உந்தம் 160 நியூட்டன்-விநாடிக்கு மேற்பட்ட எச் (H) வகை மோட்டார்களில் டேப்பின் வெறும் உராய்வை நம்பவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

விடுமுறைக்கு வந்தவனுடன் சேர்ந்து அலுமினியத்தில் ஒரு பிடிப்பு வளையம் கடைந்தோம். கருமருந்து நம் நாட்டில் 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்கு உட்பட்டது என்பதால், இங்கே எதையும் எரித்துப் பார்க்காமல் உலோக வேலையோடு நிறுத்திக்கொண்டோம். மோட்டார் குழாயின் வெளிப்புறத்தில் ஒட்டும் உடல், அதன்மேல் திருகும் மூடி என அது இரண்டு பாகம். மூடியின் உள்விளிம்பு மோட்டாரைக் கவ்விக்கொள்ளும். மரையை மிக நெருக்கமாக வெட்ட வேண்டாம் என்று நான் வற்புறுத்தினேன், ஏனெனில் அலுமினியத்தோடு அலுமினியம் சேருமிடத்தில் கரியும் மணலும் புகுந்தால் நுண்மரை கடித்துக்கொண்டு திறக்க வராது. ஒட்டும் பரப்புகளை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடைத்து, சூட்டைத் தாங்கும் ஜே.பி. வெல்ட் பசையால் ஒட்டினோம். ஐந்து நிமிடத்தில் இறுகும் சாதாரண எப்பாக்ஸி, மோட்டாரின் பின்முனைச் சூட்டில் இளகிவிடக்கூடும். பசை நன்கு இறுகிய பின், கணக்கிட்ட விசையைப் போல் இருமடங்கு எடையைத் தொங்கவிட்டோம், வளையம் அசையவில்லை. அவன் ஊர் திரும்பிப் பறக்கவிட்டபோது மோட்டார் இடத்திலேயே இருந்தது, சான்றிதழும் கிடைத்தது.

அயோத்தியாப்பட்டணத்துக்காரர், இப்போது வெளிநாட்டில்:

ஐயா கூறியது சரி. லேத் வசதி இல்லாதவர்கள், மோட்டார் குழாயை நடுவில் தாங்கும் பின்புற மரவளையத்தில் டீ-நட்டுகளை (மரத்தில் குத்தி நிற்கும் முட்கள் கொண்ட நட்டுகளை) பதித்து, உலோகக் கிளிப்புகளைத் திருகாணியால் முடுக்கலாம். ஆனால் வளையத்தை உடலுக்குள் ஒட்டும் முன்பே நட்டுகளை உட்புறத்திலிருந்து பதித்துவிட வேண்டும், பின்னர் கை எட்டாது. பசை மரைக்குள் புகாதிருக்க, கிரீஸ் தடவிய திருகாணிகளை மாட்டி வைத்தே நான் ஒட்டுவேன்.