தாராவில மத நல்லிணக்க வேலைக்கு வாலண்டியரா இறங்கணும், எங்க ஆரம்பிக்கலாம்?

லேபர்கேம்ப்_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். பூர்வீகம் திருநெல்வேலி பக்கம், பொறந்து வளர்ந்தது எல்லாம் தாராவிதான். எங்க சால்ல (வரிசை வீடுங்க) நம்ம தமிழாளுங்க, எதிர் வரிசைல உபி முஸ்லிம் குடும்பங்க, நாலு வீடு கிறிஸ்டியன்ஸ். நல்லாத்தான் பழகுறோம், ஆனா கணபதி ஊர்வலம், ஈத்னு வந்தா வாட்ஸ்அப்ல கண்ட வீடியோவும் சுத்துது, பசங்க சூடாகுறாங்க. மூணு மதத்துப் பெரியவங்களையும் ஒரே மேடைல உக்கார வெச்சு ஒரு கூட்டம் போடலாம்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. சரி வருமா?

காலாகில்லா_அண்ணாச்சி:
தம்பி, மேடைய பின்னாடி பாத்துக்கலாம். அங்க வர்றவங்க ஏற்கனவே ஒத்துமையா இருக்கறவங்க, சூடாகுற பையன் அந்தப் பக்கமே வரமாட்டான். 92 டிசம்பர், 93 ஜனவரி கலவரத்துல பம்பாய்ல சுமார் 900 பேர் செத்தாங்க, தாராவியும் தப்பல. அப்புறம்தான் போலீஸ் கமிஷனர் சதீஷ் சாஹ்னி, முன்னாள் கமிஷனர் ஜூலியோ ரிபெய்ரோ, சமூக சேவகி சுஷோபா பார்வே இவங்கெல்லாம் சேர்ந்து மொஹல்லா கமிட்டிய கொண்டு வந்தாங்க, போலீஸ் ஸ்டேஷன் ஏரியா வாரியா இந்து, முஸ்லிம்னு ரெண்டு பக்கத்து சாதாரண ஜனங்களும் போலீஸும் உக்காந்து தண்ணி, குப்பைன்னு அன்றாடப் பிரச்சனைய பேசுறது, அதுல பழகிட்டதால வதந்தி வந்தா எதிர்ப்பக்கம் யாருக்கு போன் போடணும்னு தெரியும். இங்க தாராவிக்காரங்க வகார் கானும் பாவு கோர்டேயும் நாலு மத உடைல நாலு குழந்தைங்க நிக்கிற போஸ்டர் அடிச்சு ஒட்டுனாங்க, பெரிய வேலை அது. நீ முதல்ல எதிர் வரிசைல ரெண்டு பேர் நம்பர் வாங்கு. சந்தேகமான வீடியோ வந்தா ஃபார்வேர்ட் பண்ணாம அவங்ககிட்ட கேளு, விஷயம் பெருசுன்னா ஸ்டேஷனுக்கு சொல்லு.

மாஹிம்_அக்கா:
அண்ணாச்சி சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். பெரியவங்கன்னு கூப்பிட்டா எல்லா இடத்துலயும் ஆம்பளைங்கதான் வர்றாங்க. குழாயடில நிக்கிற பொம்பளைங்களுக்குத்தான் தெருவுல எவன் என்ன பேசுறான்னு முதல்ல தெரியும், அவங்க இல்லாம இந்த வேலை நடக்காது. நான் தமிழ் முஸ்லிம். தாராவி படீ மஸ்ஜித் (பெரிய பள்ளிவாசல்) 1887ல ஆரம்பிச்சது, தோல் வேலைக்கு வந்த நம்ம ஊர் முஸ்லிம்கள் கட்டுனது, கணேஷ் கோயில் 1913. இத எங்க வீட்டுப் பசங்களுக்கே சொல்லித்தான் தெரியவெச்சேன். புதன்கிழமை மாஹிம் சர்ச்ல நடக்குற நொவேனா ஜெபத்துக்கு எல்லா மதத்துக்காரங்களும் வர்றாங்க, உங்க பசங்கள ஒருதடவை கூட்டிட்டுப் போங்க. இஃப்தாருக்கு கூப்பிட்டா போங்க, ஆனா ஃபோட்டோ எடுத்துப் போடத்தான் வந்தீங்கன்னு ஆகிடக் கூடாது.

சயான்_குமார்:
ஒரு விஷயம் யாரும் சொல்லல. "நாம எல்லாம் தமிழங்க"ன்னு ஒட்டவெச்சா கோயில், மசூதி, சர்ச் மூணும் ஈஸியா சேரும், ஆனா அந்த உபி குடும்பங்க வெளிய நிக்கும். சண்டை வந்தா அவங்களோடதான வரும். அதனால ஹிந்தில நடத்துங்க, பத்தாவது பசங்களுக்கு டியூஷன் மாதிரி எல்லா வீட்டுக்கும் தேவையானத எடுங்க.

லேபர்கேம்ப்_பையன்:
ரொம்ப நன்றி. மேடைய விட்டுட்டு டியூஷன்ல ஆரம்பிக்கறோம், எங்க தெருவுலயே ஒரு ரூம் சும்மா கெடக்கு. அக்கா, அம்மாங்கள எத்தனை மணிக்கு கூப்பிட்டா வருவாங்க?

மாஹிம்_அக்கா:
மத்தியானம் மூணு மணிக்கு வைங்க தம்பி. சமையல் முடிஞ்சிருக்கும், அஸர் (சாயங்காலத்துக்கு முன்னாடி வர்ற) தொழுகைக்கும் டைம் இருக்கும். உங்க அம்மாவே எதிர் வரிசைக்குப் போய் கூப்பிடட்டும், நீங்க போனா வரமாட்டாங்க.