7 யூனிட்டுக்கு 281 ரூபாயா? (மே 2023)

கோபி வாத்தி:
எங்கூட்டு ஈபி பில்லு இந்தத் தடவை 507 யூனிட், 2,006 ரூபாய். 500லயே நின்னிருந்தா 1,725. ஏழே ஏழு யூனிட்டுக்கு 281 ரூபாய்! துண்டு துண்டா வரையறுத்த சார்புக்கு (ஒவ்வொரு எல்லைக்குள்ளயும் வேற வேற சூத்திரம்) இதவிட நல்ல உதாரணம் பிளஸ் ஒன் புஸ்தகத்துல கெடைக்காதுங்க.

பல்லடம் தறி:
வாத்தியாரே, கணக்கு தப்புங்க. ஸ்லாப்புன்னா வருமான வரி மாதிரி, தாண்டுன யூனிட்டுக்கு மட்டுந்தான் புது ரேட்டு. 7 × 8 = 56. மிச்சம் 225 எங்கிருந்துங்க வந்துச்சு? ரீடிங்க இன்னொருக்கா பாருங்க.

கோபி வாத்தி:
ரீடிங் சரிதானுங்க. 400 தாண்டறப்ப நீங்க சொல்றபடிதான்: ரேட்டு 4.50லருந்து 6 ஆகும், வரைபடம் போட்டா கோடு மடங்கும், அறுபடாது. 500 அப்படி இல்லீங்க. 2022 செப்டம்பர் 10ல வந்த ரேட்டுல, 500க்குள்ள இருக்கறவங்களுக்கு 101–200 யூனிட் வெறும் 2.25. தாண்டிட்டா அதே நூறு யூனிட்டுக்கு 4.50. உங்க 225 அங்கதான் ஒளிஞ்சுட்டு இருக்குது.
x யூனிட் ஓடுனா பில்லு இது:
400–500: 1125 + 6(x − 400)
500–600: 1950 + 8(x − 500)
ரெண்டுலயும் x = 500 போடுங்க. 1725, 1950. கோடு அந்தரத்துல தாவுது.

பல்லடம் தறி:
செரி, தாவுது, ஒத்துக்கறனுங்க. ஆனா குடும்பம் நடத்தறவனுக்கு எதுக்குங்க x? 1,725ஐ 500ல வகுத்தா 3.45. அதை வச்சுப் பெருக்கினா ஆச்சு.

கோபி வாத்தி:
200 யூனிட் ஓட்டற வீட்டுக்கு 690ன்னு சொல்லும் உங்க சராசரி. நெச பில்லு 225. 520க்கு 1,794ன்னு சொல்லும், வர்றது 2,110. கீழ இருக்கறவங்கள மெரட்டுது, மேல இருக்கறவங்கள ஏமாத்துது.

பல்லடம் தறி:
கரெண்ட்டு தினம் ஒரே மாதிரியா ஓடுது? சித்திரை வெயில்ல உங்க சூத்திரமும் சேர்ந்துதான் வேகும்.

சென்னிமலை அக்கா:
சண்டைய அப்பறம் வச்சுக்கங்க சாமி. போன ரீடிங்கக் கழிச்சா எங்க மீட்டர்ல 55 நாளைக்கு 471. இன்னும் 5 நாள் இருக்குது. ஏதாச்சும் பண்ணோணுமா?

கோபி வாத்தி:
நாளுக்கு எட்டரை ஓடுதுங்க்கா. இப்படியே போனா 514, பில்லு 2,062. மிச்ச அஞ்சு நாளும் அஞ்சரைக்குள்ள நிக்கோணும்.

பல்லடம் தறி:
கிரைண்டர நிறுத்தீராதீங்க்கா. ஏசிய நிறுத்துங்க. இதுக்கு x தேவையில்லீங்க.

சென்னிமலை அக்கா:
ஏசி பையன் ரூம்புல. அவங்கிட்ட 281 ரூபாய்க் கதைய நீங்களே வந்து சொல்லுங்க வாத்தியாரே.